பிணி தீர்த்த பண்

தோற்றுவாய்

கோலார் தங்கவயலில் வாழ்ந்தோர்க்கு ஒலி என்பது செவிக்கு மட்டும் உரியதன்று, உயிருக்கும் உரியது. சுரங்கச் சங்கின் குரலே இவ்வூருக்கு நாழிகை வட்டிலாக இருந்தது. அக்குரல் கேட்டுத் தொழிலுக்குச் சென்றனர். அக்குரல் கேட்டு வீட்டார் அடுப்பில் உலை ஏற்றினர். நிலத்தின் அடியில் பாறை வெடித்தபோது அதன் அதிர்வு மேலே குடியிருப்புகளையும் உலுக்கியது. அந்த ஓசையைக் கேட்ட வீட்டில், கீழே இறங்கியவர் திரும்பி வரும்வரை ஒருவரும் உறங்கியதில்லை. பாறைக்குள் எழும் நுண்ணொலிகளைக் கருவிகளால் உற்றுக்கேட்டு ஆபத்தை முன்னறியும் ஆராய்ச்சி இம்மண்ணில் வளர்ந்ததும், 1988 இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் இங்கே தோன்றியதும் வியப்பன்று.

ஒலியால் அஞ்சிய ஊரில், ஒலியால் ஆறுதல் பெறும் வழியையும் மக்கள் அறிந்திருந்தனர். வட ஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து இங்குக் குடியேறிய நம் முன்னோர் மூட்டை முடிச்சுகளோடு தாலாட்டையும் ஒப்பாரியையும், பறையையும் உடுக்கையையும், கோயிற் பாட்டையும் கொண்டுவந்தனர். மூட்டைகளில் வந்த பொருள்கள் தேய்ந்து மறைந்தன. பாட்டு மட்டும் தேயாமல் நின்றது.

இக்காலத்தில் இசையைக் கொண்டு நோய் தீர்க்கும் முறைகள் பற்றிப் பலரும் பேசுகின்றனர். இசை பயிற்றிய ஆசிரியர் சிலர் அப்பணியை விடுத்து, ஒலியால் பிணி தீர்ப்போராக மாறிவருவதையும் காண்கிறோம். இம்மாற்றம் புதியதா? தமிழர் வரலாற்றில் இதற்கு முன்னோடிகள் உண்டா? இசை உண்மையில் எதனைத் தீர்க்கும், எதனைத் தீர்க்காது? இவ்வினாக்கள், கல்தூசியால் மூச்சிளைத்த முதியோர் வாழும் நம் ஊரில், வெறும் ஆராய்ச்சி வினாக்கள் அல்ல. ஆதலின் அவற்றை வரலாற்றின் வழியே காண முயல்வோம்.

சங்கப் பாடல்கள் காட்டும் காட்சி

இசையும் மருத்துவமும் இணைந்து நிற்கும் தொன்மையான தமிழ்ச் சான்று புறநானூற்றில் உள்ளது. அரிசில் கிழார் பாடிய 281 ஆம் பாடல், போரில் விழுப்புண் பட்டுக் கிடக்கும் வீரனின் இல்லத்தை நம் கண்முன் நிறுத்துகிறது. வீட்டில் இரவ இலையையும் வேப்பிலையையும் செருகுகின்றனர். யாழோடு பல இசைக்கருவிகள் முழங்குகின்றன. வெண்சிறு கடுகைச் சிதறுகின்றனர், ஆம்பற்குழல் ஊதுகின்றனர், மணி ஒலிக்கின்றனர், காஞ்சி என்னும் பண்ணைப் பாடுகின்றனர், மனையெங்கும் நறும்புகை எழுப்புகின்றனர். இவ்வளவும் புண்பட்டவனைக் காக்கும் பொருட்டு நிகழ்வன. 296 ஆம் பாடலிலும் இதே காட்சி சுருக்கமாக அமைந்துள்ளது.

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாத்தில் இன்னும் உருக்கமான ஒரு செய்தி உண்டு. புலி பாய்ந்து மார்பில் நெடும்புண் பட்ட தம் கணவரின் நோவு தணியக் குறவர் மகளிர் பாடுகின்றனர். மலைவழியே செல்லும் கூத்தர்க்கு அப்பாட்டின் ஒலி தொலைவிலேயே கேட்கும் என்று புலவர் பெருங்கௌசிகனார் கூறுகிறார்.

இப்பாடல்களில் இரண்டு செய்திகளைக் கருத்தில் கொள்ளல் வேண்டும். ஒன்று, பாட்டு தனித்து நிற்கவில்லை. வேப்பிலையும் வெண்கடுகும் நறும்புகையும் உடன் உள்ளன. அக்காலத்தார் அறிந்த மருந்தையும் காப்பையும் செய்துகொண்டே பாடினர். பாட்டை நம்பி மருந்தை விட்டுவிடவில்லை. மற்றொன்று, பாடியவர் யாவர் என்பது. நோயாளியின் மனைவியும் உறவினருமே பாடினர். அரண்மனைப் பாணரை அழைத்துப் பொருள் கொடுத்துப் பாடச் செய்ததாகச் செய்தி இல்லை. இசை மருந்து, உறவினர் வாயிலிருந்தே பிறந்தது. இவ்விரண்டு செய்திகளும் பின்வரும் வரலாறு முழுதும் தொடர்ந்து வருவதைக் காணலாம்.

பதிகம் பாடிய காலம்

கி.பி. ஏழாம் நூற்றாண்டில் இசையும் பிணி நீக்கமும் சமய வரலாற்றில் ஒன்றுகூடின. கொல்லி மழவன் என்னும் தலைவனின் மகள் முயலகன் என்னும் வலிப்பு நோயால் துன்புற்றாள். திருப்பாச்சிலாச்சிராமத்தில், அதாவது இன்றைய திருவாசியில், திருஞானசம்பந்தர் தக்கராகப் பண்ணில் பதிகம் பாடி அந்நோயைத் தீர்த்தார் என்று சேக்கிழார் பெரியபுராணத்தில் உரைக்கின்றார். சம்பந்தரோடு யாழ் இசைத்துச் சென்றவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர் என்பதும் நாம் அறிந்ததே.

திருநாவுக்கரசர் வரலாறு இதனினும் வேறான ஒன்றைக் கூறுகிறது. சூலை நோயால் வாடிய அவர், தமக்கையார் திலகவதியாரைத் தேடித் திருவதிகைக்கு வந்தார். அம்மையார் திருநீறு அளித்து அவரைக் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். அங்கே, நோயுற்றவராகிய நாவுக்கரசரே வாய்திறந்து கொல்லிப் பண்ணில் பாடினார். பிணி நீங்கியது என்பது வரலாறு. இங்கே பாடியவர் மருத்துவர் அல்லர்; நோயாளியே ஆவார்.

இவை பக்தி நம்பிக்கையின் வழிவந்த செய்திகள். நம்புவோர்க்கு அருளாகவும் ஆராய்வோர்க்குச் சமுதாய வரலாறாகவும் இவை பயன்படும். இசையாராய்ச்சியின் நோக்கில் இவை காட்டும் உண்மை ஒன்று உண்டு. ஒரு பண் பிணியாளனின் வாயிலேயே புகும்போது அவன் துன்பம் தாங்கும் ஆற்றல் பெறுகிறான் என்னும் எண்ணம் தமிழர் நெஞ்சில் ஆழ வேரூன்றியிருந்தது என்பதே அது.

திருவாரூரில் ஓர் ஆசிரியரும் மாணவரும்

ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளிக்குப் பின், இசையாசிரியர் ஒருவரே பிணி தீர்க்க முனைந்த செய்தியைத் திருவாரூரில் காண்கிறோம். முத்துசுவாமி தீட்சிதர் 1835 இல் மறைந்தவர். கருநாடக இசையின் மும்மூர்த்திகளுள் ஒருவர். அவருடைய மாணவருள் ஒருவர் சுத்தமத்தளம் தம்பியப்பன். திருவாரூர்க் கோயிலில் சுத்தமத்தளம் வாசித்தவர் ஆதலின் அப்பெயர் பெற்றார்.

தம்பியப்பனுக்குத் தீராத வயிற்று நோய் உண்டாயிற்று; மருந்துகள் பயன்தரவில்லை. மாணவரின் பிறப்புக் குறிப்பை ஆராய்ந்த தீட்சிதர், வியாழனாகிய குருவின் நிலை சரியில்லை எனக் கண்டார். அதற்குரிய மந்திர வழிபாட்டைச் செய்யும் உரிமை, குலத்தின் காரணமாகத் தம்பியப்பனுக்கு அக்காலத்தில் இல்லை. ஆசிரியர் என்ன செய்தார்? மந்திரத்தின் இடத்தில் பாட்டை வைத்தார். அடாணா இராகத்தில் ‘பிருகஸ்பதே’ என்னும் கீர்த்தனையை இயற்றி, அதனை மாணவருக்குக் கற்பித்து, நாள்தோறும் பாடுமாறு பணித்தார். தம்பியப்பன் பாடினார்; நோய் தணிந்தது என்பது இசைமரபில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. நவக்கிரகக் கீர்த்தனைகள் தோன்றியமைக்கு இந்நிகழ்ச்சியையே காரணமாகக் கூறுவர்.

சோதிடத்தை ஏற்போரும் மறுப்போரும் இக்கதையில் காணத்தக்க ஒன்று உண்டு. தீட்சிதர் மாணவரைப் படுக்க வைத்துத் தாம் பாடவில்லை. மாணவரைப் பாட வைத்தார். பிறப்பின் பெயரால் மூடப்பட்ட வாயிலின் முன் நின்றவர்க்கு இசையால் வேறொரு வாயில் திறந்தார். ஆசிரியத் தொழிலை அவர் விட்டுவிடவும் இல்லை. கற்பித்தலே அங்கு மருந்தாயிற்று. சாதியின் கொடுமையை நன்கறிந்த மக்களைக் கொண்ட நம் தங்கவயலில், இந்தச் செய்தி இசையன்பர்க்கு மட்டும் உரியதன்று, எல்லார்க்கும் உரியது.

ஆபிரகாம் பண்டிதர்

ஆசிரியர், மருத்துவர், இசையறிஞர் என்னும் மூன்று நிலைகளையும் ஒரே வாழ்க்கையில் கொண்டு, ஒவ்வொன்றிலும் பெருமை பெற்ற தமிழர் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர். அவர் 1859 ஆகஸ்டு 2 ஆம் நாள், தென்காசியை அடுத்த சாம்பவர் வடகரையில் பிறந்தார். தந்தையார் முத்துசாமி, தாயார் அன்னம்மாள். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்று அங்கேயே ஆசிரியரானார். அவ்வூரில் சடையாண்டிப் பத்தர் என்பாரிடம் வயலின் பயின்றார். சித்த மருத்துவத்தில் ஆர்வம் கொண்டு மூலிகைகளைத் தேடி மலைகளில் திரிந்தார். சுருளிமலையில் கருணானந்தர் என்னும் முனிவரைக் கண்டு மருந்து முறைகளைப் பெற்றார். தம் மருந்துகளுக்கும் தோட்டத்திற்கும் அம்முனிவர் பெயரையே பின்னாளில் சூட்டினார்.

1882 இல் ஞானவடிவு பொன்னம்மாளை மணந்து, அதன்பின் தஞ்சாவூருக்குக் குடிபெயர்ந்தார். கணவனும் மனைவியுமாகத் தஞ்சைப் பெண்கள் பள்ளி ஒன்றில் ஆசிரியப் பணியாற்றினர். 1890 அளவில் பண்டிதர் பள்ளிப் பணியை விடுத்து முழுநேர மருத்துவரானார். கருணானந்தர் சஞ்சீவி மருந்துகள் நாடெங்கும் பரவின. தஞ்சைக்கு அருகில் பெருந்தோட்டம் அமைத்து மூலிகைகளை வளர்த்தார். மக்கள் அதனைப் பண்டிதர் தோட்டம் என்றே அழைத்தனர். 1909 இல் அரசினர் அவருக்கு இராவ் சாகிப் பட்டம் வழங்கினர்.

பள்ளியை விட்ட பிறகும் அவருள் இருந்த ஆசிரியர் மறையவில்லை. இசை பயில்வோர் பொருள் விளங்காத பாடல்களைக் கொண்டு பயில வேண்டியிருப்பதைக் கண்டு, பயிற்சிக்கு உரிய பாடல்களைத் தமிழில் இயற்றி, 1907 இல் ‘கருணாமிர்த சாகரத் திரட்டு’ என்னும் நூலாக வெளியிட்டார். 1912 மே 27 ஆம் நாள் தஞ்சையில் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தை நிறுவினார். தொடர்ந்து சில ஆண்டுகள், நாட்டின் பல பகுதி இசைவாணரையும் அறிஞரையும் தஞ்சைக்கு அழைத்து இசை மாநாடுகள் நடத்தினார். அதற்கான செலவை ஏற்றவர் அவரே. மருந்து விற்ற பொருள் இசையை வளர்த்தது.

1916 இல் பரோடாவில் அனைத்திந்திய இசை மாநாடு கூடியது. அங்கே பண்டிதர் தம் சுருதிக் கொள்கையை எடுத்துரைத்தார். அவர் குடும்பத்துப் பெண்மணிகள் அக்கொள்கையை இசைத்துக் காட்டினர். சார்ங்கதேவர் முதலியோர் வழியில் ஓர் இயக்கிற்கு இருபத்திரண்டு சுருதிகள் என்று கொள்வர். பண்டிதரோ, சிலப்பதிகாரம் முதலிய பழந்தமிழ் நூல்களை ஆராய்ந்து, இருபத்துநான்கு சுருதிகள் என்று வாதிட்டார். இவ்வாராய்ச்சியின் முழுமையாக 1917 இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூல் வெளிவந்தது. ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட அந்நூலை அச்சிட, லாலி எலெக்ட்ரிக் அச்சுக்கூடம் என்னும் அச்சகத்தையே அவர் தஞ்சையில் அமைத்திருந்தார். 1919 ஆகஸ்டு 31 ஆம் நாள் அவர் மறைந்தார். இருபத்துநான்கு சுருதிக் கொள்கையை ஏற்பவரும் மறுப்பவரும் இன்றும் உளர். ஆயினும் தமிழிசையின் தொன்மையைச் சான்றுகளோடு உலகின்முன் வைத்த பெருமை அவருக்கு உரியதே.

இவ்வாழ்க்கையில் நாம் குறிக்க விரும்புவது யாது? இசையும் மருத்துவமும் இரண்டும் கைவரப் பெற்றவர் அவர். ‘இன்ன பண்ணைக் கேட்டால் இன்ன நோய் தீரும்’ என்று விளம்பரம் செய்திருந்தால் அக்காலத்தில் நம்புவோர் பலர் இருந்திருப்பர். ஆயினும் அவர் புகழ் அவ்வழியில் எழவில்லை. நோய்க்கு மூலிகை தேடி மலையேறினார். இசைக்கு நூல் தேடி ஏடு புரட்டினார். இரண்டையும் தனித்தனியே ஆழக் கற்று, ஒன்றின் வருவாயால் மற்றொன்றைப் பேணினார். இசையின் மேன்மையைக் காட்ட அதனை மருந்து என்று சொல்ல வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை.

மற்றொரு பண்டிதர்

பண்டிதர் என்னும் பட்டம் தங்கவயல் மக்களுக்குப் புதியதன்று. அயோத்திதாச பண்டிதர் பெயரை இவ்வூர் மறக்கவியலாது. 1845 இல் பிறந்த அவரும் சித்த மருத்துவரே. காத்தவராயன் என்னும் இயற்பெயரை விடுத்துத் தம் ஆசிரியரின் பெயரைத் தாமே பூண்டவர் அவர். 1907 இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் இதழைத் தொடங்கினார். அவர் வழிநின்ற பௌத்தர்கள் சாம்பியன் ரீபில் சங்கம் அமைத்தனர். சுரங்கத் தொழிலாளர் வாழ்ந்த அவ்விடத்திலிருந்தே சித்தார்த்த புத்தகசாலை அவருடைய நூல்கள் பலவற்றை அச்சிட்டு வெளியிட்டது. கையில் துளைக்கருவி பிடித்த மக்கள் நூல் பதிப்பித்த ஊர் என்னும் பெருமை இதற்கு உண்டு.

ஏறத்தாழ ஒரே காலத்தில் வாழ்ந்த இவ்விரு பண்டிதர்களும் மருத்துவத்தைப் பிழைப்பாகவும் கற்பித்தலைக் கடமையாகவும் கொண்டனர். ஒருவர் இசையின் வரலாற்றை மீட்டார். மற்றொருவர் ஒடுக்கப்பட்ட மக்களின் வரலாற்றை மீட்டார். உடற்பிணி தீர்ப்பவன் மக்களின் மனப்பிணியையும் அறிவான் என்பதற்கு இவ்விருவரும் சான்று.

கடல் கடந்த ஒரு சான்று

இசைப் பேராசிரியர் ஒருவர் தம் பதவியைத் துறந்து இசை மருத்துவரான வரலாற்றை மேல்நாட்டில் தெளிவாகக் காணலாம். இரண்டாம் உலகப் போரில் காயமுற்றும் மனம் உடைந்தும் திரும்பிய வீரர் நிறைந்த மருத்துவமனைகளில், அமெரிக்க இசைவாணர் பலர் சென்று இசைத்தனர். இசைத்தால் மட்டும் போதாது, நோயையும் நோயாளியையும் அறிதல் வேண்டும் என்று அப்போது உணரப்பட்டது. மிச்சிகன் மாநிலக் கல்லூரியில் 1944 இல் இதற்கெனப் பாடத்திட்டம் வகுக்கப்பட்டது. 1950 இல் நாடளாவிய சங்கம் ஒன்றும் அமைந்தது.

பால் நோர்டாப் என்பவர் அந்நாட்டு இசையமைப்பாளர், பியானோக் கலைஞர், பார்டு கல்லூரியில் இசைப் பேராசிரியர். இங்கிலாந்தில், வளர்ச்சி குன்றிய குழந்தைகளைப் பேணும் இல்லம் ஒன்றில், சிறப்பாசிரியரான கிளைவ் ராபின்சோடு 1959 இல் அவர் பணி தொடங்கினார். பேராசிரியப் பதவியைத் துறந்தார். அவர் கையாண்ட முறை எளியது. பேசாத குழந்தையின் முன் அவர் கச்சேரி செய்யவில்லை. குழந்தையின் அழுகையையும் கைத்தட்டலையும் உற்றுக் கேட்டு, அதற்கேற்பப் பியானோவில் விடையளித்தார். குழந்தையின் கையில் முழவைக் கொடுத்தார். குழந்தை தட்டிய தாளத்தைப் பின்பற்றி அவர் வாசித்தார். மெல்ல மெல்லக் குழந்தை அவரை நோக்கியது, உடன் இசைத்தது. 1977 இல் அவர் மறைந்த பின்னும் அவர் முறை பல நாடுகளில் பயிலப்படுகிறது.

திருவாரூரில் தீட்சிதர் செய்ததும் இங்கிலாந்தில் நோர்டாப் செய்ததும் ஒன்றே அல்லவா? இருவரும் நோயாளியைக் கேட்போனாக வைக்கவில்லை, இசைப்போனாக ஆக்கினர். ஆசிரியர் ஒருவரே அதனைச் செய்ய வல்லவர். ஏனெனில், தெரியாத ஒன்றைப் பிறர் வாயிலும் கையிலும் பொறுமையோடு பழக்கும் கலை ஆசிரியர்க்கே உரியது.

தமிழ்நாட்டில் இம்முயற்சிக்குப் பரவலான கவனத்தைத் தேடித் தந்தவருள் முதன்மையானவர் குன்னக்குடி வைத்தியநாதன். 1935 இல் பிறந்து 2008 இல் மறைந்த அவ்வயலின் மேதை, சென்னையில் இராக ஆராய்ச்சி மையம் அமைத்து, இராகங்களுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை ஆராய முற்பட்டார். இன்று சென்னையில் இசை மருத்துவத்தைப் பாடமாகப் பயிற்றும் நிலையங்களும் உள்ளன.

இசை செய்யவல்லதும் செய்யவியலாததும்

இன்றைய மருத்துவ ஆராய்ச்சி இசையின் ஆற்றலை ஓரளவு அளந்துள்ளது. அறுவை மருத்துவத்திற்கு முன் நோயாளிக்கு எழும் அச்சத்தை இசை குறைக்கிறது. பக்கவாதத்தால் நடை தளர்ந்தவர், சீரான தாளத்திற்கேற்ப அடிவைத்து நடைபயில முடிகிறது. மூளையின் இடப்புறம் தாக்குண்டு பேச்சிழந்த சிலர் பாட மட்டும் வல்லவராக இருக்கின்றனர். அந்தப் பாட்டையே படியாகக் கொண்டு சில சொற்களை மீட்கப் பயிற்சியளிக்கின்றனர். மறதி நோயுற்ற முதியோர் பெற்ற மகனின் பெயரை மறந்தும் இளமையில் பாடிய பாட்டை மறவாதிருப்பதைப் பலர் கண்டுள்ளனர். உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் 2019 இல், கலைகளுக்கும் உடல்நலத்திற்கும் உள்ள தொடர்பு பற்றி மூவாயிரத்திற்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து அறிக்கை வெளியிட்டது.

ஆனால் இன்ன இராகம் நீரிழிவைத் தீர்க்கும், இன்ன இராகம் புற்றுநோயைத் தீர்க்கும் என்று அட்டவணை இட்டுக் கூறுவன உறுதிப்படவில்லை. நீலாம்பரி உறக்கம் தரும் என்பது மரபு. தாலாட்டின் மென்னடையை அறிந்தார்க்கு அதில் வியப்பில்லை. ஆயினும் உறக்கம் வருவது வேறு. நோய் தீர்வது வேறு. நோயாளியைப் படுக்க வைத்து, உலோகக் கிண்ணங்களைத் தட்டி, எல்லாப் பிணியும் அகலும் என்று கூறிப் பெருந்தொகை பெறுவோரிடம் எச்சரிக்கை வேண்டும். அவ்வோசையால் மனம் அமைதியுறலாம். அந்த அளவிற்கு அது நன்று. அதனை நம்பி மருந்தை நிறுத்துதல் பெருங்கேடு.

தங்கவயலுக்கு இது தனித்தே சொல்லத்தக்கது. கற்பாறையைத் துளைக்கும்போது எழும் நுண்தூசி நுரையீரலில் படிந்து, அதனைத் தழும்பாக்கி, மூச்சைச் சுருக்கும் சிலிக்கோசிஸ் நோய், நாடு விடுதலை பெறுமுன்பே இச்சுரங்கத் தொழிலாளரிடம் கண்டறியப்பட்டது. அந்நோய்க்கு ஆளானவர்களைக் காசநோய் எளிதில் பற்றும். சுரங்கம் மூடியபின்னும் அத்தூசி அவர்கள் மார்பை விட்டு அகலவில்லை. தழும்பேறிய நுரையீரலை எந்தப் பண்ணாலும் பழைய நிலைக்கு மாற்ற முடியாது. இதனை மறைத்துப் பேசுதல் அம்மக்களுக்குச் செய்யும் தீங்காகும். அவர்களுக்கு முதலில் வேண்டியது மருத்துவரும், மருந்தும், உரிய இழப்பீடும் ஆகும்.

அங்ஙனமாயின் இசைக்கு அங்கே இடமில்லையா? உண்டு. மூச்சடைப்பு நோயுற்றோரைச் சிறு குழுக்களாகக் கூட்டிப் பாடப் பயிற்றும் முறை இங்கிலாந்து முதலிய நாடுகளில் பரவியுள்ளது. பாடும்போது மூச்சை மெல்ல இழுத்து, சிறிது சிறிதாக விடப் பழகுகின்றனர். இதுவரை நடந்த ஆய்வுகள் சிறியன. நுரையீரல் திருந்தியதாக அவை கூறவில்லை. ஆயினும் மூச்சிளைப்பின் அச்சம் குறைவதையும், தனிமை நீங்குவதையும், வாழ்வில் ஊக்கம் பிறப்பதையும் பங்குகொண்டோர் கூறுகின்றனர். மூச்சு வாங்குமோ என்று அஞ்சி வீட்டுத் திண்ணையை விட்டு இறங்காத ஒரு முதியவர், மருத்துவரின் இசைவு பெற்று, வாரம் ஒருமுறை பத்துப் பேரோடு அமர்ந்து, தாம் இளமையில் பாடிய பாட்டைப் பாடுவாராயின், அது சிறிய நன்மையா?

முடிவுரை

மலைபடுகடாத்துக் குறமகளிர் தம் கணவர்க்காகப் பாடினர். திருவதிகையில் நாவுக்கரசர் தம் நோவைத் தாமே பாடினார். தீட்சிதர் தம்பியப்பனைப் பாட வைத்தார். நோர்டாப் குழந்தையின் கையில் முழவைக் கொடுத்தார். மருந்து விற்ற பொருளைப் பாட்டுக்குச் செலவிட்ட ஆபிரகாம் பண்டிதரோ, இசையை இசையாகவும் மருந்தை மருந்தாகவும் வைத்துப் போற்றினார். இவ்வரலாறுகள் யாவும் நமக்குக் கூறும் செய்தி ஒன்றே. இசையாசிரியர் பிணி தீர்ப்பவராக மாறும்போது தம் ஆசிரியத் தொழிலைக் கைவிட வேண்டியதில்லை, கைவிடவும் கூடாது. பாட்டை நோயாளியின் செவியில் ஊற்றுவதைவிட அவன் நாவில் பழக்குவதே மேல். அவ்வாறு பழக்கும்போதும் மருத்துவரின் மருந்துக்கு அருகில் பாட்டு நிற்க வேண்டுமேயன்றி, அதன் இடத்தைப் பறித்துக்கொள்ளக் கூடாது.

உரிகமும் மாரிகுப்பமும் சாம்பியன் ரீபும் இன்று அமைதியாக உள்ளன. சுரங்கச் சங்கு ஒலிப்பதில்லை. பிள்ளைகள் விடியற்காலையில் இரயிலேறிப் பெங்களூருக்குப் பணிக்குச் செல்கின்றனர். மாலை இருட்டியே திரும்புகின்றனர். பகல் முழுதும் இல்லங்களில் தனித்திருப்போர் முதியோரே. அவர்களுடைய நெஞ்சில் தூசி மட்டும் இல்லை. நம் பாட்டன் பாட்டியர் பாடிய பாட்டுகளும் உள்ளன. தூசியை எடுக்க நம்மால் இயலாது. பாட்டை எடுக்க இயலும். தமிழ்ச் சங்கங்கள் ஆண்டுக்கொரு விழா எடுப்பதோடு அமையாது, வாரத்தில் ஒரு மாலை முதியோரைக் கூட்டிப் பாட வைப்பனவாக. இசையறிந்த இளைஞர் அவர்கட்குத் துணை நிற்பாராக. அச்சத்தால் நிலம் அதிர்ந்த ஊரில், ஆறுதலால் மனை அதிரட்டும்.